முகத்துவாரத்தில் நனைந்த புடவை

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழிலன் எழுந்தான்.

"நாளிக்கே எங்க கைடு மேடத்துக்குப் போன் போடு. அந்த ஆய்வேட்ட உனக்கு எழுதிக் குட்த்ததே நான்தான்னு சொல்லிடு. மேட்டர் அத்தோட முடிஞ்சிது."

அவன் மனைவி கார்குழலியின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது. எம்.ஃபில். பட்டத்துக்காக அவள் எழுதிய ஆய்வேடு அது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றியது. அதை எழுதிய நாளில் எழிலன் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் அவன் அதை ஒரே மூச்சில் படித்தான். "நல்லாத்தான் கீது" என்றான். அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவன்தான். ஆனால் இப்படி ஒரு பக்கம்கூடத் தன்னால் எழுத முடியாது என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஆய்வேட்டைத் தூக்கிப் பரணில் அண்டாவுக்குப் பின்னால் போட்டான். அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாமா என்று கேட்டபோது, "ஒரு வூட்டுக்கு எத்தினி டாக்டரு?" என்று சிரித்தான். மனைவியின் அறிவைப் பார்த்துப் புழுங்குகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். குடும்பப் பொறுப்பு என்று அதற்கு நல்ல பெயர் வேறு.

பிறகு அவனே பரணில் ஏறினான். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு அதிலிருந்து வரிக்கு வரி எடுத்துக்கொண்டான். யாருடையது என்று ஓர் அடிக்குறிப்புகூடப் போடவில்லை. அவசரத்தில் ஒரு வரியை மாற்றவும் மறந்துவிட்டான்: 'அவர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன், என் புடவை நனைந்து கனத்தது.'

நெறியாளர் மகிமா அந்த வரியில் விரலை வைத்தார். "எந்தப் புடவை, எழிலன்?"

அங்கேயே குட்டு உடைந்தது. எடுத்த இடத்திலெல்லாம் மனைவியின் பெயரைப் போட்டுக் கொண்டுவந்தால்தான் கையெழுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"பக்கத்துக்குப் பக்கம் பொண்டாட்டி பேரு இருந்தா எவன் என்ன மதிப்பான்?" என்று எழிலன் இப்போது வீட்டில் கத்தினான்.

அவன் அம்மா ராஜாத்தி மருமகளிடம் வந்தாள். "புருசனுக்காகத்தானே சொல்லப்போற? உன்து இன்னா, அவன்து இன்னா? சொல்லிட்டுப் போயேன்."

"சொல்றேன் அத்த. அந்தப் பொடவையக் கட்டிகினு தண்ணில நின்னதும் உங்க புள்ளதானான்னு மேடம் கேப்பாங்க. அதுக்கு இன்னா சொல்லட்டும்?"

ராஜாத்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வேறு வழியில்லாமல் எழிலன் கணினி முன் உட்கார்ந்தான். முதல் அடிக்குறிப்பில் 'எ. கார்குழலி' என்று அடித்தான். கல்யாணமானதும் ஆதாரில் அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். அவள் அப்பா கோதண்டத்தின் முதலெழுத்து போய், புருஷனின் முதலெழுத்து வந்திருந்தது. அந்த ஓர் எழுத்தாவது தன்னுடையதாக நிற்கட்டும் என்று பார்த்தான்.

"ஆய்வேட்ல இன்னா பேரு கீதோ அத்தப் போடு," என்றாள் பின்னால் நின்றிருந்த கார்குழலி. "கோ. கார்குழலி. அத்த எழுதுறப்போ நான் உன் பொண்டாட்டி இல்ல."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினான்.

வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு டீயும் மிக்சரும் கொடுப்பது ஆய்வாளர் வீட்டு வேலை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எழிலனின் தேர்வன்று கார்குழலி தட்டோடு அரங்கின் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாம் இயலைப் புரட்டினார்.

"இந்த ஆய்வேட்டுல உயிர் இருக்கிற இடம் இதுதான். முழுக்க கோ. கார்குழலியோட களப்பணி. அவங்களைப் பார்த்துப் பேசியிருக்கீங்களா?"

எழிலன் மகிமாவைப் பார்த்தான். கடைசி வரிசைப் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

"இல்ல சார். பழைய ஆய்வேடு. நூலகத்துல கெடச்சுது."

"அடடா, தேடிப் பிடிச்சு இன்னிக்குக் கூப்பிட்டிருக்கலாமே."

கார்குழலி மிக்சர் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"வந்துதான் சார் கீறேன். கோதண்டம் பொண்ணு கார்குழலி." அவள் எழிலனைக் கைகாட்டினாள். "இவரு வூட்லதான் சார் கீறேன்."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. தேர்வாளர் எழுந்து, முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் வந்து உட்கார்ந்ததும் மிச்சக் கேள்விகளை அவளிடமே கேட்க ஆரம்பித்தார். எழிலன் வெட்கப்பட்டிருக்கலாம். மேடையில் நின்ற அவனுக்கு அப்போதும் வயிறுதான் எரிந்தது.

"டீ ஆறுதே, யாராச்சும் குடுங்கப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் எழிலனைப் பார்த்தார்கள்.