இரண்டு கறுத்த நகங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷட்டருக்கு அடியில் கிடைத்தது.

அபூகீர் மீன்பிடித் துறைக்குப் பின்சந்தில் உஸ்தா ஷஹாத்தாவின் மோட்டார் பட்டறை. (உஸ்தா என்றால் தொழில் தேர்ந்த மேஸ்திரி.) எதிரே என் வெல்டிங் கடை. அன்று நண்பகல், அவர் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அடியில் நான்கு கால்கள்: அவருடைய பூட்ஸ், அவர் மனைவி அவாதிஃபின் பச்சைச் செருப்பு. ஒரு சுத்தியல் சத்தம், ஒரு 'ஆ', சிரிப்பு. மறுபடி சத்தம், 'ஆ', இன்னும் பெரிய சிரிப்பு. (யார் குரல் என்று பிடிபடவில்லை. கிரைண்டர் என் காதைப் பாதி தின்றுவிட்டது.) கடைசியாக ஓர் அடி, சுத்தமாக. பிறகு டிரில் ஓடியது.

சாயங்காலம் இருவருடைய இடது கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தது.

உள்ளே நடந்ததில் நான் அறிந்தது இவ்வளவே. மற்றது நான் கட்டுவது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் உப்பு இரும்பைத் தின்கிறது, காலம் மனிதனை—"

வேண்டாம். நான் எழுத்துக் கூட்டியதே நாற்பது வயதுக்கு மேல்; தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மீனவன் பயூமியின் படகு மோட்டாரில், மேல்மூடியான ஹெட்டுக்குள் ஒரு போல்ட் உப்பில் இறுகி, கழற்றும்போது ஆழத்தில் முறிந்துவிட்டது. முறிந்த முகத்தின் நட்டநடுவில் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை நிறுத்தி ஓர் அடி அடிக்க வேண்டும். போல்ட்டைத் துளைத்தெடுக்கிற டிரில் அந்தக் குழியில்தான் உட்காரும். குழி தள்ளிப்போனால் டிரில் வழுக்கி, பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்தைக் குடைந்துவிடும். ஹெட் போச்சு. பயூமிக்கு வேறு மோட்டார் இல்லை.

பக்கவாதத்திலிருந்து எழுந்த பிறகு ஷஹாத்தாவுக்கு வந்த முதல் வேலை இது. அவர் வலது கை நடுங்குகிறது. சந்துக்கே தெரியும், தெரியாததுபோல் இருப்பது எங்கள் மரியாதை. இதில் தவறினால் ஷட்டரை ஒரேயடியாக இறக்கிவிடுவது என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

(முறிந்ததன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டித் திருகியிருக்கலாமே என்று தொழில் தெரிந்தவர் கேட்பார். அதற்கு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.)

3

வறுத்த மீனும் ரொட்டியும் கொண்டுவந்த அவாதிஃப் வாசலில் நின்று பார்த்தாள். அவருடைய சுத்தியல் ஆடியது. அதற்குப் பயந்து பஞ்ச்சும் நகர்ந்தது. அவள் தூக்கை இறக்கிவைத்து, ஷட்டரை இழுத்தாள்.

"பஞ்ச்ச நான் புடிக்கிறேன். நீங்க அடிங்க."

"உன் வெரலு நசுங்கும்."

"நசுங்குனா நசுங்கட்டும். மீனு கழுவாம ரெண்டு நாளு ராணியாட்டம் இருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "கை நடுங்குது, உம்மு ஹானி," என்றார்; ஹானியின் அம்மா என்றுதான் அவளை அழைப்பார். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

"தெரியும் உஸ்தா. ராத்திரி நம்ம போர்வையே சேர்ந்து நடுங்குதே."

[இந்த இடத்தில் அவளை அழவைத்து நாலு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். துறையில் மீன் ஏலம் கேட்கிற பொம்பளை, வேலை நடுவில் அழமாட்டாள்.]

4

இனி, நகங்கள்.

அவள் பிடித்தாள், அவர் அடித்தார், அவள் விரலில் பட்டது. "கொடுங்க இப்படி" என்று சுத்தியலைப் பிடுங்கினாள். அடுத்து அவர் விரல். இப்படி இருக்கலாம்.

அல்லது அவள் விரலைப் பணயம் வைக்க மனமில்லாமல், பஞ்ச்சை அவரே பிடித்து அவளை அடிக்கச் சொன்னார். குறி தவறி அவர் விரலில் பட்டது. "பழி தீத்துக்குங்க" என்று அவள் பஞ்ச்சை வாங்கித் தன் விரலை நீட்டினாள். இப்படியும்—

எப்படியானாலும் மூன்றாவது அடி மிஞ்சுகிறது.

5

அந்தி சாயும்போது பயூமி வந்தான். ஹெட்டைத் திருப்பி, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். திருகு மரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. எங்கள் மரியாதையை மறந்து கேட்டுவிட்டான்:

"அப்ப கை சரியாயிடுச்சா உஸ்தா?"

ஷஹாத்தா ரொட்டியைப் பிய்த்து அவாதிஃபிடம் நீட்டினார். "எந்தக் கையக் கேக்குற? இங்க நாலு கெடக்கு."

மறுநாள் காலை ஷட்டர் முழுசாக ஏறியிருந்தது. உள்ளே இரண்டு ஸ்டூல்கள்.

அந்த மூன்றாவது அடியை அடித்தது யார்? எதிர்க்கடைதான், எட்டிக் கேட்டுவிடலாம். நான் கேட்கப்போவதில்லை. சுத்தியலை நீங்களே யார் கையிலாவது கொடுங்கள். ஆனால் கொடுக்குமுன், பஞ்ச்சைப் பிடித்திருந்த மற்றவரின் இடது கையைப் பாருங்கள்: நகம் அப்போதே கறுத்திருந்தது, வலி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பஞ்ச் அசையவில்லை.