முப்பது வினாடியும் மாடிப்படியும்

பூட்டுக்காரரும் அவர் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் ஒரு நீல நிறப் பேருந்து. தெருவில் ஓடுகிற பேருந்து அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடுகிற பேருந்து.

விவரத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். வீட்டின் முன்னறைதான் பூட்டுக்காரரின் கடை. சாவி அறுக்கும் மெஷினும், சுவரில் வரிசையாகத் தொங்கும் அறுக்காத சாவிகளும் அங்கே இருக்கின்றன. பின்கட்டில் அவரும் மனைவியும். மாடியறையில் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு கீழே, அண்ணி கையால்.

அண்ணனும் தம்பியும் பல வருடங்களாக ஒரே கணக்கில் அந்த விளையாட்டை ஆடிவந்தார்கள். அதில் ஒரு பேருந்துக் கம்பெனி நடத்த வேண்டும். எந்தத் தடத்தில் எது ஓட வேண்டும் என்று திட்டம் போடுவது அண்ணன், உட்கார்ந்து ஓட்டுவது தம்பி. கம்பெனியின் முதல் வண்டிதான் அந்த நீலப் பேருந்து. அந்த மாடலை விளையாட்டிலேயே இப்போது தருவதில்லை.

தம்பி தன் கடையில் கூட வேலை பார்ப்பவனிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான். ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டுமே என்ற எண்ணம்தான். அந்த ஆள் நீலப் பேருந்தை விற்றுவிட்டு, அந்தக் காசில் ஒரு தங்க நிற ஹாரன் வாங்கி வைத்திருந்தான்.

பூட்டுக்காரர் சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. கணக்குக்கு இரண்டாவது பூட்டு போட்டார். அதாவது, இனிப் புதிதாக ஒரு கருவியிலிருந்து உள்ளே போக பாஸ்வேர்டு மட்டும் போதாது. அவர் போனில் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் தட்ட வேண்டும்.

"அண்ணி, திருடனுக்குப் பயந்துதான் ரெண்டு பூட்டு போடுவாங்க. நான் திருடனா?" என்று தம்பி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கேட்டான்.

அண்ணி அதைக் கொண்டுபோய்க் கணவரிடம் சேர்த்தாள்.

"திருடன்னு நான் சொல்லலை. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வாங்க உக்காருங்கன்னு நாற்காலி போட்டவன். அப்படியே போய்ச் சொல்லு" என்றார் அவர்.

தம்பியின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே கணக்குக்குப் பழக்கமானது. அதனால் அதில் எண் கேட்கவில்லை. அவன் அதில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றியதும் கணக்கு பூட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டது; அவர் போனில் எண் மட்டும் தனியாக மாறிக்கொண்டிருந்தது. இப்படியாக ஒருவரிடம் பாஸ்வேர்டு, மற்றவரிடம் எண். பேச்சு அத்துடன் நின்றது. உப்பு வேண்டும் என்றாலும் அண்ணி வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு தம்பியின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. வேறொன்று வாங்கினான். அது கணக்குக்குப் பழக்கமில்லாதது, எண் கேட்டது. அவன் மூடி வைத்துவிட்டான்.

அந்த வாரம்தான் அவனுக்கு மெயில் வந்தது. விளையாட்டு வேறு சர்வருக்கு மாறுகிறது, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்து சம்மதம் தராத கணக்குகள் அழிக்கப்படும் என்று. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. டிபன் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணியிடம் சொன்னான்.

"ஐயையோ! இத்தனை வருஷமா ரெண்டு பேரும் என்னைக்கூடக் கவனிக்காம அதைத்தானேடா வளத்தீங்க?"

"அதான் சொல்றேன்."

"பாஸ்வேர்டை என்கிட்ட சொல்லிடு. அவரே போட்டுத் திறந்துக்குவாரு."

"அது முடியாது அண்ணி" என்று அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

அவள் கடைக்குப் போனாள். "போனைக் குடுங்க, மேல கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடறேன்."

"போனை அவன் கையில குடுக்கறதுக்கா பூட்டு போட்டேன்? நம்பரைச் சொல்றேன், போய்ச் சொல்லு." அவர் குரலிலும் அவசரம் இருந்தது.

ஆறு எண்களையும் முணுமுணுத்துக்கொண்டே அண்ணி படியேறினாள். தம்பி தட்டினான். செல்லாது என்று வந்தது.

"மாறிடுச்சு அண்ணி. சீக்கிரம் வரணும்."

இரண்டாம் முறை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மேலே வந்து மூச்சு வாங்கியதில் நடு எண் மறந்துவிட்டது. மூன்றாம் முறை சரியாகச் சொன்னாள், அதற்குள் எண் மாறியிருந்தது. நான்காம் முறை படி திரும்பும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால ஆகாதுப்பா சாமி. நான் என்ன லிஃப்டா? கம்பெனி அழிஞ்சா அழியட்டும். எனக்கு முழங்கால் முக்கியம்."

மணி ஐந்தரை தாண்டியிருந்தது. பூட்டுக்காரர் கடையை விட்டு வந்து கீழ்ப்படியில் நின்றார். தம்பி மேலே கதவோரம் வந்து நின்றான். நடுவில் அண்ணி இருவரையும் பார்க்காமல் முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லு. நாலு, ஒண்ணு, ஒம்பது..." என்று மனைவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலை" என்றாள் அவள்.

தம்பிக்குக் கேட்டது. உள்ளே ஓடித் தட்டினான். கடைசி எண்ணுக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தான். அண்ணியைப் பார்த்து வாயைத் திறந்தான். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணா, பாதியில சொல்லாதே. புதுசா மாறுனவுடனே சொல்லு" என்றான்.

பூட்டுக்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வந்துடுச்சு. ரெண்டு, ரெண்டு, எட்டு, பூஜ்யம், அஞ்சு, மூணு" என்றார்.

"மறுபடி?"

"ரெண்டு ரெண்டு எட்டு பூஜ்யம் அஞ்சு மூணு. செவிடா?"

மேலே தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "திறந்துடுச்சுண்ணா."

சம்மதம் கொடுத்தாயிற்று. வண்டிகள் எல்லாம் டிப்போவில் நிறுத்தினபடியே நின்றன. நீலப் பேருந்தின் இடம் காலி. பூட்டுக்காரர் மனைவியைத் தாண்டி மேலே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் காலியிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல இன்னொரு போனும் சேர்க்கலாம்" என்றார் திரையைப் பார்த்தபடி. "உன்னோடதை எடு. ரெண்டு பேர்கிட்டயும் நம்பர் வரட்டும். அவளுக்கு முழங்கால் வலி."

தம்பி போனை எடுத்து, திரையில் வரும் புள்ளிக் கட்டத்தைப் படம்பிடிக்கத் தோதாக நேராகப் பிடித்தான். அவர் பட்டனை அழுத்தினார்.

"பாஸ்வேர்டை இன்னொருதரம் கேக்குது. சொல்லு."

"நகரு, நான் போடறேன்."

"நீ போனைப் பிடிச்சிட்டிருக்கே. ஆடாமப் பிடி. சொல்லு."

அதற்குள் அண்ணி ஒவ்வொரு படியாக ஏறி வாசலுக்கு வந்திருந்தாள்.

"சொல்லேன்டா. இன்னும் என்ன?"

"கோவத்துல வச்சது அண்ணி."

"சொல்லு."

"பூட்டுமூஞ்சி" என்றான் தம்பி.

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்டுக்காரர் விரலைச் சாவிப்பலகை மேலேயே வைத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"பின்னால ரெண்டு ஆச்சரியக்குறி."

அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஆச்சரியக்குறி எங்கே இருக்கிறது என்று கேட்டார். தம்பி காட்டினான். சரி என்று வந்தது. தம்பியின் போனில் எண் ஓட ஆரம்பித்தது.

"மாத்திடறேன்ணா, இப்பவே மாத்திடறேன்" என்றான் தம்பி.

"வேண்டாம், இருக்கட்டும்" என்று எழுந்தார் பூட்டுக்காரர். "உன் கடையில வேலை பாக்கற அந்தப் பய எத்தனை வருஷம் உக்காந்து யோசிச்சாலும் இது அவனுக்கு வராது." வாசலில் மனைவியைப் பார்த்ததும் நின்றார். "சிரிக்காம நகரு. எனக்கும் இது மறக்காது."