சிறுத்தை குடிக்கும் பீலி

எங்கள் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பீலி இருக்கிறது. பாறையில் கசியும் ஊற்றை ஒரு தகரத் தகட்டில் ஏந்தி விட்டிருக்கிறோம். அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். டிக்கோயாவுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் எங்கள் லயத்துச் சனம் முழுவதும் அதில்தான் குடித்தது, குளித்தது, சண்டை போட்டது. குழாய்த் தண்ணீர் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். நாங்களும் ஒவ்வொரு தேர்தலிலும் நம்புவோம். மரியாதை தெரிந்த சனங்கள் நாங்கள்.

பீலிக்குப் பக்கத்தில் கவ்வாத்துசாமி இருக்கிறார். கோபுரமெல்லாம் கிடையாது, ஒரு கல், ஒரு சூலம். தேயிலைக் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன், யாருக்கும் கத்தி பட்டுவிடக் கூடாதென்று பீலித் தண்ணீரில் கல்லைக் கழுவி, சேவல் அறுத்து, தலையையும் குடலையும் அங்கேயே வைத்துவிட்டு வருவோம். மறுநாள் அது காணாமல் போயிருந்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். ஏற்றுக்கொள்ளாத வருடமே கிடையாது. எங்கள் சாமி அப்படித்தான், சம்பள உயர்வைத் தவிர எதைக் கேட்டாலும் சரி என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆராய்ச்சி வந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வினோஜன் என்ற தம்பி வந்து, மலைக்காட்டுச் சிறுத்தைகளைக் காப்பாற்றவும், காட்டைக் கெடுக்காத சுற்றுலாவை வளர்க்கவும் ஆய்வு செய்கிறோம் என்றார். நல்ல பிள்ளை. எங்களை அக்கா என்று கூப்பிட்டார், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். தானாகப் படமெடுக்கும் பெட்டிகளைக் காட்டு மரங்களில் கட்டினார். பூசாரி செல்லசாமியிடம் கேட்டுவிட்டு ஒன்றைச் சாமிக்கல்லுக்கு எதிரேயும் கட்டினார்.

கவ்வாத்துப் பூசை முடிந்ததும் எங்களைக் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டி உட்கார வைத்துப் படம் காட்டினார். ஒரு சிறுத்தை வந்தது, எங்கள் வாயில் புலி. சேவல் தலையை மோந்து பார்த்தது. ஆறுதலாகத் தின்று முடித்து, பீலியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

எங்கள் நம்பிக்கை உடைந்துவிட்டதென்று வினோஜனுக்கு ஒரே கவலை. "தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவு நாளா சாப்பிட்டது சாமி இல்ல, சிறுத்தைதான்" என்றார், சாவுச் செய்தி சொல்வதுபோல.

செல்லசாமி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி வாகனத்த அனுப்பியிருக்கு தம்பி. இத்தன வருசமா வந்து போனது தெரியாமலே இருந்துட்டோம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் சும்மா விடுவோமா? அதுவரை வருடத்துக்கு ஒரு சேவல்தான். அதன் பிறகு மகனுக்குக் கொழும்பில் வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, முழங்கால் வலி, பக்கத்துக் காம்பராக்காரி வாயடங்குவது, எல்லாவற்றுக்கும் சேவல். என் மகள் தனுஜாவின் பரீட்சைக்கு நானும் ஒன்று கொடுத்தேன். அவள் கணக்கில் சித்தியடைந்தாள், ஆகவே சாமியை நான் குறை சொல்ல முடியாது. சிறுத்தையும் வஞ்சகம் செய்யவில்லை. தவறாமல் வந்தது, பிறகு குட்டிகளையும் கூட்டி வந்தது.

ஆய்வின் முடிவு என்ன தெரியுமா? இந்த மலைத்தொடரிலேயே சிறுத்தை அதிகம் விரும்பி வரும் இடம் எங்கள் பீலியடி. ஆகவே அங்கே மனித நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும்.

"சேவல் விசயத்த நீங்க எழுதலியா தம்பி?" என்று பிறகு வினோஜனைக் கேட்டேன்.

"எழுதினேன் அக்கா. உள்ள நடுப்பகுதியில இருக்கு. மேலிடத்துல முன்பக்கச் சுருக்கத்த மட்டுந்தான் வாசிச்சாங்க."

தோட்டத்துப் பழைய பங்களா இயற்கையோடு இயைந்த விடுதியாக மாறியது. காட்டோரத்தில் வேலி வந்தது, பீலிக்குப் போகும் வழியில் கேற்றும் பூட்டும் வந்தன. ஆட்கள் உள்ளே வரக் கூடாதென்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தார்கள். யாரைத் தடுக்கிறார்களோ அவர்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லைதானே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் சொந்தச் சேவலில் வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு தண்ணீருக்குக் கீழே ரோட்டோரப் பீலிக்கு இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் உயிரை வாங்கும். கொழுந்து பறித்துவிட்டு வந்து நான் தூக்கினேன், பள்ளிக்கூடம் போகும் முன் தனுஜா தூக்கினாள். ஒரு நாள் அந்த வழுக்குப் படியில் அவள் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்தேன். நேரே தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போனேன்.

"எங்க பீலிய தொறந்து விடுங்க ஐயா."

"புலிக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாது ஜெயந்தினி. உலகமே நம்ம தோட்டத்தப் பாத்துக்கிட்டிருக்கு."

"அப்படியே எங்களையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

தொரை சிரித்தார். மேசையிலிருந்த போத்தலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

கேற்றைப் பூட்டினால் சேவலும் உள்ளே போகாது என்பதை யாரும் யோசிக்கவில்லை, நாங்களும்தான். சிறுத்தை சில நாள் வந்து பார்த்துவிட்டு, நாய்கள் அதிகமுள்ள, தோட்டத்தின் அடுத்த பகுதியான கீழ் டிவிசனுக்குக் குடிபோனது. விடுதிக்கு வந்த விருந்தாளிகள் முழங்கை நீளக் கெமராக்களோடு குளிரில் உட்கார்ந்து, ஒரு கீரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொரை வினோஜனை அழைத்துக் காரணம் கேட்டார். அவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: சேவல். மறுநாளே தொரை செல்லசாமியைத் தேடி லயத்துக்கு வந்தார். லயத்துப் படியில் அவர் கால் பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இரை போட்டுச் சிறுத்தைய வர வைக்கிறது சரியில்ல சேர்" என்று வினோஜன் சொல்லிப் பார்த்தார்.

"இது இரை இல்ல. சமய சுதந்திரம்" என்றார் தொரை.

செல்லசாமி முறையைச் சொன்னார். சேவல் அறுக்கும் முன் கல்லைக் கழுவ வேண்டும், பீலித் தண்ணீர்தான் ஆகும், பெண்கள்தான் மொண்டு வர வேண்டும். தொரைக்கு முகம் மலர்ந்தது. அதன்படி விருந்தாளிகள் வரும் சனிக்கிழமைகளில் மட்டும் கேற்றைத் திறந்தார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு பித்தளைக் குடம் தந்தார்கள், தலைக்குப் பூவும் தந்தார்கள். வரிசையாக நடந்து, வரிசையாக மொண்டு, திரும்பும்போது ஆளுக்கொரு குடம் வீட்டுக்குக் கொண்டு போகலாம். சேவலுக்குச் சிறுத்தையும் அவ்வப்போது திரும்பி வந்தது. இதற்குப் பெயர் கலாசார அனுபவம். அனுபவம் அவர்களுக்கு, கலாசாரம் எங்களுக்கு. சிறுத்தையைவிட எங்களைத்தான் விருந்தாளிகளுக்கு அதிகம் பிடித்ததாம். நாங்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறோமாம். இதைச் சொல்லும்போது வினோஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வீடு வீடாகப் போனேன். "புலி தெனமும் குடிக்கலாம், நாம சனிக்கிழம மட்டும் குடிக்கணுமா? இந்தக் கிழம யாரும் போக வேணாம்." செல்லசாமியிடமும் சொன்னேன். அவர் சேவலைக் கூடையால் கவிழ்த்து மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பீலியடியில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். சிறுத்தையும் வரவில்லை, நாங்களும் வரவில்லை. முதலில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா லயத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார். பிறகு தொரையே வந்தார்.

"இன்னைக்கு மட்டும் வாங்க ஜெயந்தினி. கெஸ்ட் எல்லாம் தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

"நாங்களும் தெனம் தூரத்துல இருந்துதான் தண்ணி கொண்டு வாறோம். பூட்ட எடுத்துடுங்க ஐயா. தொறந்து மூட வேணாம், எடுத்துடுங்க."

"அப்ப புலி?"

"அது எங்களப் பாத்து என்னைக்குமே பயந்ததில்லீங்க. வேணும்னா ஒங்க பெட்டியிலயே பாத்துக்கங்க."

தொரை கேற்றடிக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். பிறகு பூட்டைக் கழற்றித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், போட்டு முடிக்கும் வரை.

வீட்டுக்குத் திரும்பி, பித்தளைக் குடத்தைத் திண்ணையில் கவிழ்த்துவிட்டு, வீட்டிலிருந்த பெரிய மஞ்சள் கேனை எடுத்துக்கொண்டேன். கொழுந்து மலைக்கு இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பின்னால் தனுஜாவும் இன்னொரு கேனோடு வந்தாள். பீலியடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா கெமராவைத் தாழ்த்தி, கையை வளைத்துக் குடம் எங்கே என்று சைகையில் கேட்டார்.

கேனைத் தட்டிக் காட்டினேன். "இதுலதாம்மா கூடுதலாப் புடிக்கும்."