ஒரே வீட்டுச் சாலை

மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று டன்வெல்லில் யாரும் வேலைக்குப் போவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் அப்படித்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு ஊரே உட்கார்ந்துகொள்ளும். வரும் வருடம் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு மாட்டோம் என்று ஒவ்வொரு தீர்மானமாக எடுத்து, மஞ்சள் அட்டையைத் தூக்கி முடிவுசெய்யும். மேலிருந்து எவனும் வந்து எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வந்தாலும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவோம்.

ஆர்வில் வெதர்பிக்கு அந்த நாள் கிறிஸ்துமஸை விடப் பெரியது. மூன்றாம் வரிசையில் ஓரத்து நாற்காலி அவருடையது. செலவு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து தொண்டையைச் செருமுவார். "ஒரே ஒரு கேள்வி" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் அசைய முடியாது. தீயணைப்பு வண்டிக்குப் புது டயரா, பழசில் என்ன ஓட்டை? பூங்காவுக்கு பெஞ்சா, புல்லில் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? என் பாக்கெட்டில் கைவிடும்முன் ஊராட்சி என்னைக் கேட்க வேண்டும், கேட்டால் நான் இல்லை என்பேன், அதற்குப் பெயர்தான் சுதந்திரம் என்பது அவருடைய கட்சி. ஊரார் அவரைத் திட்டுவார்கள். திட்டிவிட்டு வருடம் தவறாமல் பட்ஜெட் குழுவுக்கு அவரையே தேர்ந்தெடுப்பார்கள். இல்லை என்று சொல்ல ஓர் ஆள் எல்லோருக்கும் தேவைப்பட்டது, அந்த ஆள் தாங்களாக இல்லாதவரை சரி.

போன வருடக் கூட்டத்தில்தான் வினை ஆரம்பித்தது. முதியவர்களைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன் ஒன்று இருந்தது. ஏழெட்டுப் பேர் ஏறுகிற வண்டிக்கு ஊரே ஏன் பெட்ரோல் போட வேண்டும் என்று ஆர்வில் கேட்டார். வேன் தோற்றது. அப்போது நூலகத்து நடாலி கிம்பல் பின்வரிசையிலிருந்து கத்தினாள்.

"உங்க சாலையில எத்தனை வீடு ஆர்வில்? ரெண்டு வீட்டுக்காக ரெமி ஊர் லாரியில மலையேறி வந்து பனி தள்ளிட்டுப் போறானே, அந்த டீசல் யார் அப்பன் வீட்டுது?"

கூடம் அதிரச் சிரித்தது. ஆர்விலும் சிரித்தார். ஆனால் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நியாயமான கேள்வி என்றால் அவர் அதைவிட்டு ஓடமாட்டார்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு டிபெட்ஸ் தம்பதி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போனார்கள். இலையுதிர்காலத்தில் ஆர்விலின் மனைவி வின்னி செத்துப்போனாள். பெக்கம் குன்றுச் சாலையில் எரிகிற விளக்கு இப்போது ஒன்றுதான்.

பனி விழ ஆரம்பித்த பிறகு அந்தச் சாலையில் வந்த ஒரே மனிதன் ரெமி டுஃப்ரேன். ஊராட்சியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவன். உச்சியில், ஆர்வில் வீட்டு முற்றத்தில்தான் வண்டியைத் திருப்ப இடம் உண்டு. திருப்பியதும் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வருவான். பூட்ஸைக் கழற்றாமல் மிதியடி மேலேயே நின்று காப்பி குடிப்பான். ஹாக்கி தவிர வேறு எதுவும் பேசத் தெரியாதவன். ஆர்விலுக்கு ஹாக்கி பிடிக்காது. ஆனாலும் முந்தின இரவு ஆட்டத்தை வானொலியில் கேட்டு வைக்கத் தொடங்கினார், பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று. பனி பெய்தாலே உப்புக்கும் மணலுக்கும் செலவு என்று ஆயுள் முழுக்கப் புலம்பிய மனிதர், இப்போது பனி வரும் என்று வானிலைக்காரன் சொன்னால் இரண்டாவது கோப்பையைக் கழுவி வைத்தார். ஜனவரியில் பத்து நாள் வானம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுப்போடு பேசினார் என்றால் அது கணக்கில் சேராது.

மற்றவர்களுக்குச் செலவு கூடாது என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் சலுகை வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. பெக்கம் குன்றுச் சாலையை ஊர் கைவிட வேண்டும் என்று தன் கையாலேயே ஒரு தீர்மானம் எழுதினார். கைவிட்ட சாலை எங்கும் போய்விடாது. யாரும் அதில் போகலாம், வரலாம். ஆனால் ஊர் அதைத் தொடாது. பனி தள்ளாது, பள்ளம் மூடாது.

தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்க, சனிக்கிழமை ஊர்க் குப்பைக்கிடங்கில் போய் நின்றார். எங்கள் ஊரில் எல்லோரையும் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் நிற்க வேண்டும். வந்தவர்கள் குப்பை மூட்டையை இறக்கிவிட்டு, படித்துப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நிஜமாத்தான் சொல்றியா ஆர்வில்?"

"நிஜமாத்தான்."

"உன் இஷ்டம்ப்பா. உன் சாலை." கையெழுத்துப் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் மனதார விரும்பித்தான் அந்தத் தீர்மானத்தை எழுதினார். அது தோற்க வேண்டும் என்றும் மனதார விரும்பினார். யாராவது ஒருவர் எழுந்து, 'உளறாதே, மலைமேல் தனியாகக் கிடந்து சாகவா, அதெல்லாம் முடியாது' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார். அப்படிச் சொன்னால் அவர் கொள்கையும் பிழைக்கும், சாலையும் பிழைக்கும். அதற்கு ஓர் ஆள் போதும் என்று நினைத்தார்.

கூட்ட நாள் வந்தது. காலையில் சாலை மணல், பள்ளிக் கூரை எல்லாம் முடிந்தது. மதியம் பன்றி இறைச்சி, பீன்ஸ், பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை. ஆர்வில் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாரே தவிர, முள்கரண்டியால் பீன்ஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பின் அவருடைய முறை.

எழுந்து தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு கேள்வி," என்றார். கூடம் சிரித்தது. "ஒரு கிழவனுக்காக ஊர் ஏன் மலையேறணும்? ஏறக்கூடாது. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே சுருக்கமான பேச்சு அது.

கூட்டத்தை நடத்தும் ப்ரூடன்ஸ் ஹேசல்டைன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "யாருக்காவது பேசணுமா?"

யாரும் எழவில்லை. பிறகு பின்வரிசையில் நடாலி எழுந்தாள். இவள் விடமாட்டாள், இவள் வாய்க்கு ஊரே அடங்கும் என்று ஆர்வில் ஆசையோடு திரும்பிப் பார்த்தார்.

"போன வருஷம் இவரை இந்த இடத்துலேயே கிண்டல் பண்ணினேன்," என்றாள் நடாலி. "இவர் மத்தவங்களுக்குத்தான் சட்டம் பேசுவார்னு நினைச்சேன். அது என் தப்பு. சொன்னதைத் தனக்கே செஞ்சுக்கற மனுஷனை நான் வேற பார்த்ததில்லை. நான் ஆதரிக்கிறேன் ஆர்வில்."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். ஆர்வில் தலை குனிந்துகொண்டார். அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"ஆதரிக்கிறவங்க?" என்றாள் ப்ரூடன்ஸ். கூடம் முழுக்க மஞ்சள். குப்பைக்கிடங்கில் கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள், வேனில் போய்வந்த கிழவிகள், சுவரோரம் நின்ற ரெமிகூட. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவுசெய்தால் குறுக்கே போகக் கூடாது என்பதுதான் நாங்கள் பால்குடிப் பருவத்திலிருந்து கற்றது. அதை எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவரே ஆர்வில்தான்.

"எதிர்க்கிறவங்க?"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வின்னி உயிரோடு இருந்தவரை அந்த நாற்காலியிலிருந்து, அவர் எதற்குத் தூக்கினாலும் அதற்கு நேர் எதிராக அட்டையைத் தூக்குவாள். இன்று அவள் இல்லை. கூடத்தில் ஓர் அட்டையும் எழவில்லை. அப்போது ஆர்விலின் கை எழுந்தது. அவர் எழுப்பினாரா, அதுவாக எழுந்ததா, அவருக்கே தெரியாது. தலைக்கு மேல் நின்றது.

அடுத்த நொடி கூடமே வெடித்துச் சிரித்தது.

"இல்லைன்னு சொல்லலேன்னா இவருக்கு ஜீரணமாகாதுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

"தன் தீர்மானத்துக்கே எதிர்ப்பா! அடப்பாவி மனுஷா!"

அவ்வளவும் பாசத்தில் வந்த சிரிப்பு. ப்ரூடன்ஸும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆர்வில், நிஜமாவே எதிர்ப்புன்னு எழுதிக்கட்டுமா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்து, ஆமாம், எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை அங்கே தனியாக விட்டுவிடாதீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கலாம். எத்தனையோ வருடம் அந்தக் கூடத்தில் பேசியவருக்கு அந்த வாக்கியம் மட்டும் வரவில்லை.

"பழக்கதோஷம்," என்று கையை இறக்கினார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாசலில் நின்று எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவரை யாராவது தொட்டது அன்றுதான். ஒவ்வொரு கையையும் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ரெமி வந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எதிர்த்து அட்டையைத் தூக்கலாம்னுதான் இருந்தேன் ஆர்வில். தூக்கினா நீங்க கோவிச்சுக்குவீங்களேன்னு விட்டுட்டேன்."

"கோவிச்சிருப்பேன்," என்றார் ஆர்வில். "நல்லாக் கோவிச்சிருப்பேன்."

"அதான்! எனக்குத் தெரியாதா உங்களை?" என்று சிரித்து, அவர் தோளில் தட்டிவிட்டு ரெமி தன் வண்டிக்குப் போனான்.

ஆர்வில் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் ஒருவன் அட்டையைத் தூக்கியிருந்தால் மற்றவர்களும் தூக்கியிருப்பார்கள். கோபித்திருப்பார்தான். முகத்துக்கு நேரே கத்தியிருப்பார். அடுத்த பனி விழுந்ததும் அவன் பழையபடி மிதியடி மேல் வந்து நின்றிருப்பான், மறுபடி கத்தியிருப்பார், வசந்தம்வரை கத்திக்கொண்டே இருந்திருப்பார். அப்படிக் கத்துவதற்கு அவருக்கு ஓர் ஆள் இருந்திருப்பான்.