பெரியவங்களுக்கு ஆகாது

சவரியின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டும்போதுதான் அருள்சாமி, மச்சானின் உதடுகளைப் பார்த்தான். தண்ணீர் வற்றிய ஏரிபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தன. போன சந்தைக்கு மூட்டை தூக்கின ஆள். இப்போது யாரோ ஒரு கிழவனைக் கொண்டுவந்து படுக்கவைத்ததுபோல் கிடந்தான்.

அருள்சாமிக்கு மொரப்பூரில் ரயில்வே கேங்கில் வேலை. தங்கச்சி ராயம்மாளின் வீட்டுக்காரருக்கு வாந்திபேதி என்று ஆள் வந்து சொன்னதும் கிளம்பியவன், விடியும்போது வந்து சேர்ந்தான். அவன் படலைத் திறக்கவும் உயிர் போகவும் சரியாக இருந்தது.

ராயம்மாள் அழவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து சவரியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஒரு வாய் குடு ராயின்னு ராவெல்லாம் கேட்டாருண்ணா. நான் குடுக்கல. பானையக்கூட வெளிய தூக்கி வெச்சுட்டேன். மனசக் கல்லாக்கிக்கிட்டு இருந்தேன். இன்னங் கொஞ்சம் தாங்கியிருந்தா நின்னுபோயிருக்கும், இல்ல?”

“ம்” என்றான் அருள்சாமி. அவனுக்கும் அப்போது தெரிந்தது அதுதான். உள்ளே போகிற தண்ணீர்தான் வெளியே வருகிறது, மடையை அடைத்தால் வயல் தானாகக் காயும் என்று ஊரே சொன்னது. காடு கழனியில் பாடுபடுகிற ஜனங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கோடையில் எதை நம்புவது, எதை விடுவது என்று யாருக்கும் புரியவில்லை. சுகாதார ஆட்கள் வந்து கிணற்றில் வெள்ளைப் பொடியைக் கொட்டினார்கள். அந்த நாற்றம் பிடித்த தண்ணீரால்தான் பேதி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போனார்கள். கம்பைநல்லூர்ச் சந்தை வாசலில் ஊசி போட்டார்கள். அது பேதி ஊசி இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, போட்டுக்கொண்டால் அப்புறம் பிள்ளை பிறக்காது என்று பேச்சு. சவரிக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும். ஊசிக்காரர்கள் கண்ணில் படாமல் ஆற்றோரமாகச் சுற்றிப்போய்ச் சந்தைக்குள் நுழைந்தான். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தானாம்.

மாதா கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டாலே ஜனங்கள் பயந்துபோகிறார்கள் என்று ஊரில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சாமியார் வேறோர் ஊரில் சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போயிருந்தார். உபதேசியார் மட்டும் வந்து ஜெபம் சொன்னார். மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். ஒரு சொட்டு சவரியின் கீழுதட்டில் விழுந்து வெடிப்பில் இறங்கியது. ராயம்மாள் சட்டென்று எட்டி, முந்தானையால் அந்த உதட்டைத் துடைத்தாள். ராத்திரி முழுக்கக் காவல் இருந்த கை அது.

பாயில் சுற்றித் தூக்க நாலு பேர் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகம் கூப்பிடாமலே வந்து தலைமாட்டில் நின்றார். வராதவங்க வராம போகட்டும், சவரி என்ன கனமா கனக்கறான் என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குழியில் சுண்ணாம்பு கொட்டி மூடிவிட்டு வந்தால், வாசலில் ராயம்மாள் நிற்கிறாள். இடுப்பில் நாலு வயசு லூர்து. பிள்ளையின் பாவாடை நனைந்து, அரிசி கழுவின தண்ணீர்போல் வழிந்துகொண்டிருந்தது.

அருள்சாமி கம்பைநல்லூருக்கு ஓடினான். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு ஜனங்களைப் படுக்கவைத்திருந்தார்கள். நரம்பில் ஏற்றுகிற பாட்டில் தீர்ந்துவிட்டது, தருமபுரியிலிருந்து ஜீப் வந்ததும் ஊருக்கே கொண்டுவருகிறேன் என்றார் நர்சம்மா. அதுவரைக்கும் நீர்க்கஞ்சியில் உப்புப் போட்டு, வாந்தி எடுத்தாலும் விடாமல் புகட்டச் சொன்னார்.

“குடுத்தா அதிகமாகாதுங்களா?”

“யாருங்க அப்படிச் சொன்னது? ஒடம்புல தண்ணி வத்தித்தான் சாவறாங்க.”

“பெரியவங்களுக்குங்க?”

“எல்லாருக்குந்தான்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை அவனோடேயே வந்தது. இதைச் சொல்லாவிட்டால் ராயம்மாள் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டாள். சொன்னால், பானையை வெளியே தூக்கிவைத்த கையோடு அவள் மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பாள்? ஒரு தடவை ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றான். நிற்க நேரமில்லை என்று மறுபடி ஓடினான்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து அவனே கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டான். கிண்ணத்தோடு கிட்டே வந்ததும் ராயம்மாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். மதலேனம்மாள், பெரியநாயகத்தின் சம்சாரம், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாண்ணா. அவருக்கே குடுக்காம வெச்சிருந்தேன்.”

“பெரியவங்களுக்குத்தான் ஆகாது” என்றான் அருள்சாமி. “புள்ளைங்களுக்குக் குடுக்கணும். புள்ளைங்க ஒடம்பு வேற மாதிரி. நர்சம்மா சொன்னாங்க.”

ராயம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

“நெசமாவாண்ணா?”

“நெசந்தான்.”

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு கரண்டி புகட்டினாள். பிள்ளை கக்கியது. வாயைத் துடைத்துவிட்டு மறுபடி புகட்டினாள். இப்படியே கிண்ணம் காலியாகி நிறைந்து, மறுபடி காலியானது. வெயில் கூரையை விட்டு இறங்கும்போது லூர்து முதல் தடவையாக அம்மாவின் தொடையில் சூடாக ஒன்றுக்குப் போனாள். ராயம்மாள் நனைந்த சேலையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டே அடுத்த கரண்டியை எடுத்தாள்.

அந்நேரம் வேலியோரம் மதலேனம்மாளின் குரல் கேட்டது. இடுகாட்டிலிருந்து வந்ததிலிருந்தே பெரியநாயகத்துக்கு வயிறு போகிறதாம். எழுந்து நிற்க முடியவில்லையாம்.

“தண்ணி தண்ணின்னு கேக்கறாரு தம்பி. நீங்க சொன்னீங்களே பெரியவங்களுக்கு ஆகாதுன்னு, அதனால பானையக் கவுத்துட்டேன். எத்தன நேரத்துக்குத் தாங்கணும்? அதச் சொல்லுங்க.”

அருள்சாமி எழுந்தான். வாயைத் திறந்தான். பக்கத்தில் ராயம்மாள் கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்லவேண்டியது நாலே வார்த்தை. கண் அந்தக் கரண்டிக்குப் போனது.

ராயம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அடுப்பில் இருந்த கஞ்சிச் சட்டியை முந்தானையால் பிடித்து இறக்கி, எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போனாள். அவன் பிள்ளையோடு பின்னால் போனான்.

பெரியநாயகம் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தார். ராயம்மாள் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கரண்டியை ஊதி ஊதி ஆற்றினாள்.

“ஏண்டி, பெரியவங்களுக்கு...” என்று மதலேனம்மாள் பதறினாள்.

“பெரியவங்களுக்குந்தான் அக்கா” என்றாள் ராயம்மாள். திரும்பிப் பார்க்கவில்லை. “குடிங்க மாமா. வாந்தி வந்தாலும் குடிங்க.”

பெரியநாயகம் ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய்க்கு அவராகவே வாயைத் திறந்தார். கண்ணைத் திறக்காமல், எங்க வூட்டுக் கஞ்சியில இவ இவ்வளவு உப்புப் போட்டதே இல்லம்மா என்றார். உசுரு போறப்பவும் என்னையத்தான் கொற சொல்லணும் என்று மதலேனம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

அருள்சாமி வாசற்படியிலேயே நின்றான். சட்டி பாதியானபோது ராயம்மாள் சொன்னாள்.

“அண்ணா, நம்ம வூட்டுல உப்பு தீந்துபோச்சு. இன்னம் நாலு வூட்டுக்கு வேணும். வாங்கிட்டு வாங்க.”

தூங்கிப்போன பிள்ளையை அவள் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டு நடந்தான். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. கடையில் பலகை பாதி சாத்தியிருந்தது. உப்பு மூட்டை மட்டும் எப்போதும்போல் வெளியே கிடந்தது. கடைக்காரர் அளக்கும் படியைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார்.

அருள்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதிலிருந்த சுண்ணாம்பை உதறிவிட்டு, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.