கை எட்டுகிற தூரம்

கரண்டியம்மாவுக்கு மருமகள் மேல் ஒரே ஒரு குறைதான். அந்த ஒன்று போதாதா? மலைப்பாதையில் மகன் கால் தவறி விழுந்தபோது கை எட்டுகிற தூரத்தில் நின்றவள் அவள். கையை நீட்டவில்லை.

கரண்டியம்மாவுக்குப் பெண்கள் விடுதியில் சமையல் பொறுப்பு. பேசும்போதெல்லாம் கையில் கரண்டி ஆடும் என்பதால் விடுதிப் பெண்கள் வைத்த பெயர் அது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கைகளைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. சும்மா சொல்லக்கூடாது, இருக்க வேண்டியதுதான். ஒருமுறை அடுப்படி ஈரத்தில் வழுக்கி, கொதிக்கிற அண்டாமேல் சாயப்போன உதவிக்காரப் பெண்ணை, மற்றவர்கள் வாயைப் பிளப்பதற்குள் பிடித்து இழுத்துப் போட்டவள். அண்டா விளிம்பு சுட்ட தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தழும்பைக் காட்டித்தான் சொன்னாள், தான் அங்கே இருந்திருந்தால் பிள்ளையை விட்டிருக்க மாட்டேன் என்று.

மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்து மாடிக் குழிக்குள் தொங்கிக்கொண்டே அம்மாவுக்கு போன் போட்டு, ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்பான். அப்படிப்பட்டவன் ஒரு விடுமுறை நாளில், பெண்டாட்டியோடு பொழுதுபோக்காகப் போன தேசியப் பூங்காவில் போய்ச் சேர்ந்தான் என்றால் எந்தத் தாய்க்கு மனசு ஆறும்?

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவன் போன பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாமியாரும் போகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் உப்பு போதுமா, சோப்பு தீர்ந்ததா என்று பேசிக்கொண்டு கிடந்தார்கள். ஏன் கையை நீட்டவில்லை என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கரண்டியம்மா அவளிடம் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாகத் தன் தங்கைக்கு போன் போட்டு, கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் கை நீட்டாத கதையை அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். இதற்கு மூஞ்சிக்கு நேரே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஒரு சாயங்காலம் அப்படிப் பேசி முடித்துவிட்டுத் திரும்பினால், அறை வாசலில் மருமகள் நிற்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க அத்தை. அந்த இடத்தைக் காட்டுறேன்," என்றாள்.

கரண்டியம்மாவுக்கு வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் தங்கைக்காரி விடுவாளா? எட்டிப் பிடிக்கிற தூரம்தானா என்று கண்ணால் பார்த்துவிடு, அங்கேயே நிறுத்தி வைத்துக் கேட்டுவிடு அக்கா என்று உருவேற்றி அனுப்பினாள். கரண்டியம்மாவும் அந்த எண்ணத்தோடுதான் பஸ் ஏறினாள்.

பூங்கா வாசலில் இருந்த காவலர் அவளுடைய செருப்பைப் பார்த்தார், வயசைப் பார்த்தார். மருமகள் பையிலிருந்து ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவை எடுத்து மாமியார் முன்னால் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. எப்போது பார்த்து வாங்கினாளோ. காவலர் எல்லோருக்கும் ஒப்பிக்கிற பாடத்தை அவர்களுக்கும் ஒப்பித்தார். சங்கிலி வருகிற இடத்தில் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பிடிக்கக் கூடாது, பிடித்தால் இரண்டு பேருமே போவீர்கள் என்றார். கரண்டியம்மாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பெற்றவர்கள் யாரும் இந்தச் சட்டத்தை எழுதியிருக்க மாட்டார்கள் என்று மருமகள் காதில் விழும்படி முணுமுணுத்தாள். மருமகள் நடக்க ஆரம்பித்தாள்.

பாதை சின்னதுதான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் சின்னது என்று நம்பி வந்தவர்களை அது படுத்துகிற பாடு இருக்கிறதே! முதலில் ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்குப் பாறைகள். குழந்தை மாதிரித் தவழ்ந்துதான் ஏற வேண்டும். அப்புறம் பாறையில் அடித்த இரும்புப் படிகள். அதற்கும் மேலே இரண்டு பாறைக்கு நடுவே ஓர் இடுக்கு. ஒருக்களித்து நுழைந்த கரண்டியம்மா பாதியில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் முழித்தாள்.

மருமகள் அவள் தோள்பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "இங்க வந்ததும் அவர் சிரிச்சார் அத்தை. அம்மாவைக் கூட்டிட்டு வரணும்னா மலையைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்கணும்னார்."

கரண்டியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அவன் குரல். சிரித்ததில் உடம்பு தளர்ந்து இடுக்கிலிருந்து வெளியே வந்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. கடைசியாக அவன் சொன்ன கேலியை இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறோமே என்று திரும்பி அந்த இடுக்கையே பார்த்தாள்.

இடுக்கு தாண்டியதும் சங்கிலிப் பாதை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, அதில் கம்பங்கள் அடித்துச் சங்கிலி மாட்டியிருந்தார்கள். கால் வைக்க ஒரு முழ அகலம். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் தலைகள் கீரைக்கட்டு மாதிரி தெரிந்தன. கம்பங்களுக்கெல்லாம் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. மகன் விழுந்த பிறகு அடித்தது. அவன் உயிருக்கு அந்தப் பூங்கா செய்த மரியாதை அவ்வளவுதான்.

மருமகள் முன்னால் போனாள். கரண்டியம்மா இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து, பாறையைப் பார்த்தபடி பக்கவாட்டில் காலை நகர்த்தி நகர்த்திப் பின்னால் போனாள். ஒரு வளைவில் மருமகள் நின்றாள்.

"இங்கதான் அத்தை. அவர் இங்க, நான் நீங்க நிக்கிற இடத்துல. வேர்வை துடைக்க ஒரு கையை எடுத்தார்."

காட்டுவதற்காக அவளும் ஒரு கையை எடுத்தாள். காலடியில் மணல் சறுக்கியது. உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி வெளிப்பக்கம் போய், ஒற்றைக் கையில் தொங்கியது. கால் இரண்டும் பாறையைத் தேடி உதைத்தன. கரண்டியம்மாவின் தோளுக்கு ஒரு கை தூரத்தில் அவள் முகம் இருந்தது. அண்டாவில் விழ இருந்தவளைப் பிடித்த கைகள் இவை. இப்போது அவை சங்கிலியை இன்னும் இறுக்கிக்கொண்டன. நீட்டு என்று மனசு கத்தியது. கை கேட்கவில்லை.

மருமகள் தானாகவே சங்கிலியை மறு கையால் எட்டிப் பிடித்து, காலை ஊன்றி, பாறையோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல அத்தை. அசையாதீங்க," என்றாள். விழப்போனவள் இவளைத் தேற்றுகிறாள்!

கரண்டியம்மாவால் அசைய முடியாது. விரல்கள் சங்கிலியில் பூட்டிக்கொண்டுவிட்டன. மருமகள் மெல்ல நகர்ந்து வந்து, தன் முழங்கையைச் சங்கிலிக்குள் கொடுத்துக்கொண்டு, மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எனக்கும் இப்படித்தான் அத்தை. அவர் போன பிறகும் விரல் விரியலை. தூக்க வந்தவங்கதான் பிரிச்சு விட்டாங்க."

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே அத்தை."

ஊரெல்லாம் கேட்டாள், இவளை மட்டும் கேட்கவில்லை. வாஸ்தவம்தானே. கரண்டியம்மா பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். குற்றம் சொல்ல ஓர் ஆள் இருந்தவரைக்கும், அந்த ஆள் கையை நீட்டியிருந்தால் மகன் இன்றைக்கும் போன் போட்டுச் சமையல் என்ன என்று கேட்டிருப்பான் என்று நினைக்கவாவது முடிந்தது. தானே நின்றிருந்தாலும் அவன் போயிருப்பான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுக்கு மகன் அன்றைக்குத்தான் முழுசாகச் செத்தான். மருமகள் அவளை அழவிட்டு, பிறகு அடி அடியாக வந்த வழியே கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு மேல் போக இருவருக்கும் மனசில்லை.

வாசலுக்கு வந்து சேர்ந்ததும் போனில் சிக்னல் வந்தது. உடனே மணியும் அடித்தது. தங்கைதான். மருமகள் சற்றுத் தள்ளிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பார்த்தியா? கை எட்டுற தூரம்தானே?"

கரண்டியம்மா மருமகளைப் பார்த்தாள். வழக்கம்போல அவளுக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"எட்டுற தூரம்தான்டி. இன்னைக்கு இவ கால் சறுக்கினப்போ நான் அதே இடத்துலதான் நின்னேன். என் கையும் நீளலை."

மருமகள் குழாயை மூட மறந்து நின்றாள்.