அடுத்தவர் பேரில் ஏற்றிய கார்

தமயந்திக்கு மூளை இருந்தது. அதுதான் வந்த வினை. மூளை கொஞ்சம் மட்டாக இருந்திருந்தால் தன்பாத்திலேயே அந்தக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மனத்தாங்கல் ஏதுமில்லாமல் நெய்வேலி குவார்ட்டர்ஸில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

அவள் புருஷன் கருப்பசாமி பீகாரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் என்ஜினீயர். விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவனுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. வீட்டில் இருந்ததோ இரண்டு கார். பெரியது லேண்ட்மாஸ்டர், அவன் ஆபீசுக்குப் போவது. சின்னது பேபி ஹிந்துஸ்தான், அது தமயந்தியுடையது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜரின் சம்சாரம் சல்லிசாகக் கொடுக்கிறாள் என்று, தன் இரட்டை வடச் சங்கிலியை விற்று அவள் வாங்கியது. அங்கே காலனிப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கியர் மாற்றுவதைப் பார்க்க டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வெளியே வருவார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது?

வேலைக்குச் சேர வரும் ஆபீசருக்கு ஒரு காரை ரயிலில் ஏற்றும் செலவு கிடைக்கும் என்றார்கள். இரண்டாவது காருக்குக் கைக்காசு. விசாரித்துப் பார்த்தால், கூலி காரின் விலையையே எட்டிப் பிடித்தது. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். நாலு மாகாணம் தாண்டி ஒரு பொம்பளை கார் ஓட்டிக்கொண்டு வருவதா என்று கருப்பசாமி சிரித்தான்.

அப்போதுதான் அவள் மூளை வேலை செய்தது. கருப்பசாமிக்கு மேலதிகாரியாக இருந்த சிவப்பிரகாசமும் அதே மாதம் நெய்வேலிக்குத்தான் வருகிறார். அவரிடம் கார் கிடையாது.

"அவருக்குச் சலுகை இருக்கு, கார் இல்ல. நமக்குக் கார் இருக்கு, சலுகை இல்ல. பேபியைப் பேருக்கு அவர் பேர்ல மாத்தி, அவர் சாமானோட ஏத்திவிட்டா என்ன? நெய்வேலி வந்ததும் திருப்பி எழுதி வாங்கிக்கலாம்ல?" என்றாள் புருஷனிடம்.

கருப்பசாமி அன்றைக்கே போய் சிவப்பிரகாசத்தைக் கேட்டுவிட்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீதான்டி என்ஜினீயரா இருந்திருக்கணும்" என்றான். கட்டினவன் வாயால் பாராட்டு வாங்குவது அந்த வீட்டில் தீபாவளி மாதிரி, எப்போதாவது வருவது. அவள் பூரித்துப்போய், அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

லேண்ட்மாஸ்டர் அவர்களோடேயே நெய்வேலி வந்து இறங்கிவிட்டது. பேபி வரவில்லை.

நெய்வேலியில் அப்போது பாதி பிளாக்குகளில் வீடு இருந்தது, மீதியில் முந்திரி மரம் இருந்தது. காற்றடித்தால் செம்மண் அடுக்களை வரை வந்து சோற்றுப் பானையை எட்டிப் பார்க்கும். டவுன்ஷிப்புக்குள் போகக் கம்பெனி பஸ் உண்டு. வெளியே போவதுதான் பாடு. தமயந்திக்கோ வெளியே போகத்தான் காரியம் இருந்தது. பண்ருட்டி தாண்டி மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, போய்ப் பேசி, வேலையை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வகுப்பில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பஸ் மாறி மாறிப் போனால் முதல் வகுப்பு முடிந்துதான் போய்ச் சேர முடியும். பேபி இருந்தால் கவலையில்லை.

தலைமையாசிரியை மாணிக்கம்மாள் அந்தப் பக்கத்துக்காரி. "காரு எதுக்கும்மா? எங்க பக்கத்து வூட்டுல டீச்சருங்க ரெண்டு பேரு தங்கிக்கினு இருக்காங்க. நீயும் வந்து இருந்துக்கினு, லீவு நாள்ல வூட்டுக்குப் போயேன்" என்று கேட்டாள்.

"வேண்டாங்க. வண்டியை எங்க வீட்டுக்காரர் வரவழைச்சிட்டு இருக்கார்" என்று தமயந்தி சொல்லிவிட்டு வந்தாள். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி, தினமும் ஒரு புதுப் பதில். வண்டி கரக்பூரில் நிற்கிறது. வால்டேர் வந்துவிட்டது. மெட்ராஸ் வந்துவிட்டது, ஆனால் பெரிய பாதை ரயிலிலிருந்து இறக்கிச் சின்னப் பாதை ரயிலுக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஆள் கிடைக்கவில்லை. கருப்பசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான், குரலில் ஒரு பிசிறு இருக்காது. அவளும் மனசுக்குள் ஒரு படம் போட்டு, ஊர் ஊராக அந்தச் சரக்கு ரயில் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் மழை பெய்தால் சீட் நனையுமே என்று கவலைப்பட்டாள், பைத்தியக்காரி.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் காலையில், காய்கறி வாங்க மந்தாரக்குப்பம் போனாள். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஹாரன் சத்தம். தொண்டை கட்டின சத்தம். பேபிக்கும் இதே சத்தம்தான். திரும்பிப் பார்த்தால், பச்சைக் கலரில் ஒரு கார். நம்முடையது கறுப்பாயிற்றே என்று நினைத்துக் காய்ப் பக்கம் திரும்பப் போனாள். அதற்குள் டிரைவர் இறங்கிக் கதவைச் சாத்தினான். அது சாத்தவில்லை. மறுபடி அடித்தான். அப்போதும் சாத்தவில்லை.

"அதை அடிக்காதீங்க. கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க" என்றாள் தமயந்தி.

தூக்கிச் சாத்தினான். சாத்திக்கொண்டது. தன்பாத்தில் அவள்தான் ஒரு வேப்பமரத்தில் அந்தக் கதவை இடித்துத் தொங்கவிட்டவள்.

டிரைவர் பேர் பாவாடை, மந்தாரக்குப்பத்து ஆள். கபடு தெரியாத மனுஷன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

"இது சிவப்பிரகாசம் அய்யா காருங்கம்மா. வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. இங்கதான் ஒரு கொட்டாயில வுட்டு பெயிண்டு அடிச்சிக்கினு இருந்தாங்க. நேத்துதான் வெளியில எடுத்தோம். ஏன்ம்மா, உங்களுக்கு மயக்கமா வருதா? குந்துங்க."

அவள் உட்காரவில்லை. பொறுக்கின கத்தரிக்காயை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த சிவப்பிரகாசம் ஏமாற்றிவிட்டார், பாவம் இவருக்கு இது தெரியாது, எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் நினைத்தாள். பாதி வழியில்தான் கரக்பூரும் வால்டேரும் ஞாபகத்துக்கு வந்தன. வண்டி இங்கே கொட்டகையில் நின்ற நாட்களில் அந்த ஊர்ப் பேரையெல்லாம் சொன்னது யார்? அங்கேயே நின்றுவிட்டாள். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவளை ஓரம் போகச் சொன்னது.

சாயங்காலம் கருப்பசாமி வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான்.

"பேபி எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"விழுப்புரம். இன்னும் ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

"விழுப்புரத்துல என்ன கலர்ல நிக்குது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான். பிசைந்த கை அப்படியே நின்றது.

"சிவப்பிரகாசம் சார் கேட்டார். நான் என்ன செய்யட்டும்? இந்த வேலையே அவர் சொல்லித்தான் கிடைச்சது. வண்டியத் திருப்பி எதுக்குய்யா எழுதணும், வீட்ல ஆசைப்படுறா, எங்ககிட்டயே இருக்கட்டுமேன்னார்."

"எப்பக் கேட்டார்?"

"தன்பாத்துலயே."

"நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "முன்னால" என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரை ரயிலில் ஏற்றும் முன்பே இவன் தாரை வார்த்தாயிற்று. அந்தப் பாராட்டு, அவள் அத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்த பாராட்டு, கையெழுத்துக்குப் போட்ட தூண்டில். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறாள். செலவை மிச்சம் பிடித்துச் சூனியம் வைத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

"என் வேலை?"

"தினம் பட்டாம்பாக்கத்துக்கு நீ தனியா ஓட்டிக்கிட்டுப் போய் வந்தா காலனில நாலு பேர் என்னையத்தான் கேப்பான். வேண்டாம்னா நீ கேக்கவா போற? அதான் இப்படி. நம்மகிட்ட பெரிய காரே இருக்குல்ல?"

"அப்ப நாளைக்கு அதோட சாவியக் குடுங்க."

"அது ஆபீசுக்கு வேணும்ல?" என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டான்.

மோர் ஊற்றினாள். ஊற்றும்போது கண்ணீர் வந்தது. அவன் முன்னால் அழுகிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கார் போனது ஒரு பங்கு துக்கம் என்றால், அதைச் செய்துவிட்டு இத்தனை நாள் தன் கையால் சாப்பிட்டானே என்பது பத்துப் பங்கு.

மறுநாள் விடிந்ததும் வாசலில் அந்தத் தொண்டை கட்டின ஹாரன். பச்சைக் காரிலிருந்து சிவப்பிரகாசத்தின் சம்சாரம் சந்திரகலா இறங்கினாள். சின்ன வயசு, முகம் நிறையச் சிரிப்பு. ஸ்டியரிங்கில் பாவாடை.

"அக்கா, உங்களுக்கு ஓட்டிச் சலிச்சுப்போச்சாம், அதான் எங்களுக்குக் குடுத்தீங்களாம், அண்ணன் சொன்னாங்க. எனக்கும் நீங்களே கத்துத் தருவீங்கன்னு சொன்னாங்களே. இன்னைக்கு நாள் நல்லாருக்கு" என்றாள்.

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் காப்பி டம்ளரோடு நின்ற கருப்பசாமி, "போ, வாக்குக் குடுத்துட்டேன்" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டான் போல.

அவள் உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். பாவாடையைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறி, கதவைத் தூக்கிச் சாத்தினாள். "பக்கத்துல உக்காரு. முதல் நாள் நான் ஓட்டுறதைப் பார்த்தாப் போதும்" என்றாள்.

பிளாக்கைச் சுற்றி வருவார்கள் என்று சந்திரகலா நினைத்தாள். கார் டவுன்ஷிப்பைத் தாண்டியது. முந்திரித் தோப்புகளைத் தாண்டியது. பண்ருட்டி வந்ததும், "ரொம்ப தூரம் வந்துட்டோமே அக்கா" என்றாள். "கத்துக்கிறதுன்னா தூரம் வரணும்" என்றாள் தமயந்தி. கிளச், கியர், பிரேக் எல்லாம் நிஜமாகவே சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் மேல் அவளுக்கு என்ன கோபம்?

மேல்பட்டாம்பாக்கத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தும்போது முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிச் சாவியைச் சந்திரகலாவிடம் கொடுத்தாள்.

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்லதான் அக்கா."

"உன் பேருக்கு மாத்தச் சொல்லு. மாத்தினப்புறம், யார் எவ்வளவு பாராட்டினாலும் எதுலயும் கையெழுத்துப் போடாத. பாவாடை, அம்மாவைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க."

சந்திரகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க வரலையா அக்கா? அண்ணன் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

தமயந்தி கதவைத் தூக்கிச் சாத்தினாள்.

"அக்கா விழுப்புரம் வரைக்கும் வந்துட்டாங்க, இன்னும் ரெண்டு மூணு நாள்ல வந்துருவாங்கன்னு சொல்லு. தினமும் கேப்பார். தினமும் அதையே சொல்லு."